பார்க்கின்சனுக்கு ‘ஸ்டெம் செல்’: நான்கு ஊசி, ஐந்து லட்சம் என்கிறார்கள், போகலாமா?

கேள்வி: தண்டையார்பேட்டையிலிருந்து கேட்கிறேன். அப்பாவுக்கு 62 வயது, ஒன்பது வருடமாகப் பார்க்கின்சன். ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் காட்டி சின்டோபா (லெவோடோபா உள்ள மாத்திரை) சாப்பிடுகிறார். மாத்திரை வேலை செய்யும் நேரம் குறைந்துகொண்டே வருகிறது. வாட்ஸ்அப்பில் வந்த விளம்பரத்தில் ‘இடுப்பெலும்பு மஜ்ஜையில் எடுக்கும் உங்கள் சொந்த ஸ்டெம் செல், 10 கோடி செல், நான்கு ஊசி, ஐந்து லட்சம்’ என்று போட்டிருக்கிறார்கள். ஜப்பானில் இந்தச் சிகிச்சை வெற்றி என்றும் செய்தி வந்தது. நகையை அடகு வைத்துப் பணம் புரட்டலாமா?

பதில்:

நகையை வைக்காதீர்கள். ஜப்பானில் செய்ததற்கும் இந்த விளம்பரத்துக்கும் ‘ஸ்டெம் செல்’ என்ற பெயரைத் தவிர வேறு ஒற்றுமை கிடையாது. எந்த செல், எந்த வழியாக, எந்த இடத்துக்குப் போகிறது என்ற மூன்றிலும் இரண்டும் வேறு.

பார்க்கின்சனில் நடுமூளையில் சப்ஸ்டான்ஷியா நைக்ரா என்ற கருநிறப் பகுதியில் உள்ள நரம்பு செல்கள் சாகின்றன. அவை அங்கே உட்கார்ந்திருந்தாலும், அவற்றின் நீண்ட இழைகள் மேலே புட்டாமென் என்ற பகுதிவரை போய் அங்கேதான் அசைவுக்குத் தேவையான டோபமின் என்ற ரசாயனத்தை விடுகின்றன. கை நடுங்கி, நடை சுருங்கி நோய் வெளியே தெரியும்போதே புட்டாமெனில் டோபமின் பெரும்பகுதி தீர்ந்திருக்கும். அதனால் உண்மையான செல் சிகிச்சையில், செத்த இடத்தில் செல்லை வைப்பதில்லை. டோபமின் தேவைப்படும் புட்டாமெனிலேயே நேராக வைக்கிறார்கள். நடுமூளையில் வைத்தால், வளர்ந்த ஒருவரின் மூளையில் புதிய இழை அவ்வளவு தூரம் வளர்ந்து சரியான இடத்தைப் பிடிக்கும் என்று நம்ப முடியாது.

விளம்பரத்தில் சொல்லும் மஜ்ஜை செல், மீசன்கைமல் வகை. எலும்பு, குருத்தெலும்பு, கொழுப்பு ஆவதுதான் அதன் வேலை. உடம்புக்குள் போட்டதும் அது டோபமின் நரம்பாக மாறி புட்டாமெனில் இணைப்பு போட்டுக்கொள்ளும் என்பதற்கு ஆதாரம் கிடையாது. கையில் சிரை வழியாக ஏற்றினால் பெரும்பாலானவை முதலில் நுரையீரலின் நுண்குழாய்களில் சிக்கிக்கொள்ளும். முதுகுத்தண்டில் போட்டால் தண்டுவட நீரில் கலக்கும், அவ்வளவுதான். கடலில் கரைத்த பெருங்காயம் என்பார்களே, அந்தக் கதை. இந்த வகை செல்கள் அழற்சியைக் குறைக்குமா என்று வெளிநாடுகளில் முறையான சோதனைகள் நடக்கத்தான் செய்கின்றன. ஆனால் அது வேறு கேள்வி. செத்த நரம்பை மாற்றுவதாக அவர்கள் யாரும் சொல்வதில்லை. 10 கோடி என்ற எண்ணிக்கையைப் பார்த்தும் மலைக்க வேண்டாம். அமெரிக்கா, கனடாவில் நடந்த சோதனையில் அதிக அளவு பெற்றவர்களுக்கே மூளையின் ஒரு பக்கத்துக்கு 27 லட்சம் செல்தான் வைத்தார்கள்.

சரியான செல்லை உருவாக்குவதே பெரிய வேலை. தொடக்கம் இரண்டு விதம்: கருவிலிருந்து முன்பே எடுத்து வளர்த்துவரும் ஸ்டெம் செல் வரிசை, அல்லது ஒருவரின் ரத்த செல்லையோ தோல் செல்லையோ பின்னோக்கித் திருப்பி உருவாக்கும் ஐ.பி.எஸ். செல். இரண்டையும் ஆய்வகத்தில் நடுமூளை நரம்பாகும் பாதையில் திருப்ப வேண்டும். முதலில் நரம்பைத் தவிர மற்ற திசுக்களாக மாறும் சமிக்ஞைகளை அடைப்பார்கள். பிறகு ‘நீ நடுமூளையின் அடித்தளப் பகுதி’ என்று செல்லுக்குச் சொல்லும் புரதத்தையும் வேதிப்பொருளையும் அளந்து கொடுப்பார்கள். இந்த அளவில்தான் எல்லாம் கெடும். கொஞ்சம் குறைந்தால் முன்மூளை செல் வரும், கொஞ்சம் கூடினால் பின்மூளை செல் வரும். பின்மூளைப் பக்கம் சாய்ந்தால் செரடோனின் நரம்புகள் கலந்துவிடும். முன்பு கருவின் மூளைத் திசுவை எடுத்து வைத்த பழைய ஒட்டுகளில் வந்த கட்டுக்கடங்காத அசைவுகளுக்கு இந்தக் கலப்பும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று சந்தேகிக்கிறார்கள். மாறாத ஸ்டெம் செல் கொஞ்சம் மிஞ்சினாலும் மூளைக்குள் கட்டி வளரும் ஆபத்து இருக்கிறது. இதைத் தவிர்க்க, ஜப்பான் சோதனையை நடத்திய கியோட்டோ குழு, கோரின் என்ற மேற்பரப்புப் புரதம் உள்ள செல்களை மட்டும் இயந்திரத்தில் பிரித்தெடுத்துப் பயன்படுத்துகிறது.

இன்னொன்று. முழுதாக வளர்ந்த நரம்பை வைப்பதில்லை. இழை நீண்ட நரம்பு செல், ஊசி வழியாகத் தள்ளும்போதே அறுந்து செத்துப்போகும். அதனால் டோபமின் நரம்பாகப் போகிற, இன்னும் ஆகாத நிலையில் உள்ள செல்லைத்தான் வைக்கிறார்கள். அப்படியும் பெரும்பகுதி முதல் சில நாட்களிலேயே அழிகிறது. தப்பியவை இழை விட்டு, இணைப்பு போட்டு, டோபமின் விட மாதக்கணக்காகும். பழைய கருத்திசு ஒட்டுகளில் முழுப் பலன் தெரிய சில வருடங்கள் ஆகின. ‘மூன்றாம் நாளே அப்பா எழுந்து நடந்தார்’ என்று யாராவது வீடியோ காட்டினால், அது செல்லின் வேலை அல்ல என்பதற்கு அந்த மூன்று நாளே சாட்சி.

அறுவையில் தலையில் சட்டம் பொருத்தி, எம்.ஆர்.ஐ. படத்தை வைத்துப் பாதையைக் கணக்கிட்டு, மண்டையில் சிறு துளை போட்டு, மெல்லிய குழாயை புட்டாமெனுக்குள் இறக்குவார்கள். ஒரே இடத்தில் கொட்டாமல் சில பாதைகளில் துளித்துளியாக, குழாயைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னிழுத்தபடி வைப்பார்கள். அவசரமாகத் தள்ளினால் செல் குழாய் போன வழியிலேயே மேலே ஏறிவிடும். ரத்தக் கசிவு, தொற்று, வலிப்பு ஆகிய ஆபத்துகள் உண்டு. மேலே சொன்ன அமெரிக்கா, கனடா சோதனையில் ஒருவருக்கு அறுவையின் விளைவாக வலிப்பு வந்தது. எப்படிப் பார்த்தாலும் இது மூளை அறுவை. நான்கு ஊசி போட்டு அன்று மாலையே வீட்டுக்கு அனுப்புவது வேறு ஏதோ.

இந்தத் துறைக்கு ஒரு கசப்பான வரலாறு இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டால் விளம்பரங்களைப் படிக்கும் கண் மாறும். 1987-ல் ஸ்வீடனின் லுண்ட் நகரில் கருத்திசுவை நோயாளிகளின் மூளையில் வைக்கத் தொடங்கினார்கள். சிலர் வியக்கும்படி தேறினார்கள். பிறகு அமெரிக்காவில் முறையாகச் சோதித்தார்கள்: 40 பேரில் 20 பேருக்கு உண்மையான ஒட்டு, 20 பேருக்குத் துளை மட்டும் போட்டு உள்ளே ஒன்றும் வைக்காத பொய் அறுவை. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, மதிப்பிடும் மருத்துவருக்கும் தெரியாது. 2001-ல் முடிவு வந்தது. நோயாளிகளே தங்கள் நிலைக்குக் கொடுத்த மதிப்பெண்ணில் இரு குழுவுக்கும் வித்தியாசமில்லை. 60 வயதுக்கு உட்பட்டவர்களின் அசைவில் மட்டும் ஓரளவு முன்னேற்றம் தெரிந்தது. ஒட்டு பெற்றவர்களில் சுமார் 15 சதவீதம் பேருக்கு, மாத்திரையைக் குறைத்த பிறகும் நிற்காமல் உடம்பு முறுக்கி ஆடும் தொல்லை பின்னால் வந்தது. 2003-ல் வெளியான இன்னொரு சோதனையில் ஒட்டு பெற்ற 23 பேரில் 13 பேருக்கு இப்படி ஆனது. 2008-ல் மேலும் ஒரு சேதி வந்தது: பத்து வருடத்துக்கு மேலாக மூளையில் இருந்த ஒட்டு செல்கள் சிலவற்றிலும் பார்க்கின்சனின் அடையாளமான லூயி பாடிகள் என்ற புரதத் திரட்டுகள் தென்பட்டன. நோய் புதிய செல்லுக்கும் பரவுகிறது, ஆனால் மெதுவாக.

அந்தப் பொய் அறுவை கொடூரமாகத் தோன்றலாம். ஆனால் அது இல்லாமல் இந்த நோயில் எதையும் நம்ப முடியாது. ‘நல்லது நடக்கப் போகிறது’ என்ற எதிர்பார்ப்பே பார்க்கின்சன் நோயாளியின் மூளையில் உண்மையாக டோபமினைச் சுரக்க வைக்கிறது என்று 2001-லேயே ஸ்கேன் மூலம் காட்டிவிட்டார்கள். ஐந்து லட்சம் கட்டி, பெரிய டாக்டர் போட்ட ஊசி என்றால் எதிர்பார்ப்பு எவ்வளவு இருக்கும்! சில மாதங்களுக்கு அப்பா உண்மையிலேயே நன்றாக நடக்கவும் கூடும். பிறகு இறங்கும்.

இனி நீங்கள் படித்த ஜப்பான் செய்தி. கியோட்டோ பல்கலைக்கழகத்தில் ஜுன் தகாஹாஷி குழு 2018-ல் தொடங்கி 50 முதல் 69 வயதுவரை உள்ள ஏழு பேருக்கு இரண்டு பக்கமும் ஐ.பி.எஸ். செல் வைத்தது. மூன்று பேருக்குப் பக்கத்துக்கு 21 முதல் 26 லட்சம், நான்கு பேருக்கு 53 முதல் 55 லட்சம். இரண்டு வருடம் கண்காணித்து 2025 ஏப்ரலில் முடிவை வெளியிட்டார்கள். கட்டி இல்லை, கடுமையான பக்கவிளைவு இல்லை. பலனை மதிப்பிட்ட ஆறு பேரில் நான்கு பேருக்கு, மாத்திரை இல்லாத நிலையில் அசைவு மதிப்பெண் தேறியது. ஆறு பேரின் சராசரி முன்னேற்றம் 9.5 புள்ளி. புட்டாமெனில் டோபமின் உற்பத்தி சராசரியாக 44.7 சதவீதம் கூடியதை ஸ்கேன் காட்டியது. இதை வைத்து சுமிடோமோ ஃபார்மா நிறுவனம் 2025 ஆகஸ்டில் ஜப்பான் அரசிடம் அனுமதி கேட்டு விண்ணப்பித்தது. நிபந்தனையோடு, குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் அனுமதி கொடுத்து, அதற்குள் பலனை நிரூபிக்கச் சொல்லும் தனி முறை அந்த நாட்டில் இருக்கிறது என்பதையும் நினைவில் வையுங்கள்.

அதே 2025 ஏப்ரலில்தான், அமெரிக்கா, கனடாவில் புளூராக் நிறுவனம் நடத்திய சோதனையின் முடிவும் வெளிவந்தது. கருவழி ஸ்டெம் செல், 12 பேர், ஒரு வருடம் எதிர்ப்புச்சக்தியை அடக்கும் மருந்து. பக்கத்துக்கு 27 லட்சம் செல் பெற்றவர்களுக்கு 18 மாதத்தில் அசைவு மதிப்பெண் சராசரியாக 23 புள்ளி குறைந்தது. 9 லட்சம் பெற்றவர்களுக்கு 8.6 புள்ளி. இந்த அளவுகோலில் மொத்தம் 132 புள்ளி, குறைந்தால் நல்லது. இரண்டுமே நம்பிக்கை தரும் எண்கள்தாம். ஆனால் இரண்டிலும் பொய் அறுவைக் குழு இல்லை. எல்லோருக்கும் தனக்குச் செல் வைத்திருப்பது தெரியும். அதனால்தான் புளூராக் 102 பேரைச் சேர்த்து, பொய் அறுவையோடு ஒப்பிடும் மூன்றாம் கட்டச் சோதனையை 2025-ல் தொடங்கியிருக்கிறது. அதன் முடிவு வரும்வரை, ‘செல் சிகிச்சை வேலை செய்கிறது’ என்று யார் சொன்னாலும், என் கணக்கில், அது அவசரப் பேச்சு.

சரி, வேலை செய்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அப்பாவுக்கு என்ன கிடைக்கும்? இதற்கான விடையில் பாதியை வீட்டிலேயே கண்டுபிடித்துவிடலாம். வைக்கும் செல் கொடுக்கப்போவது டோபமின்தான். மாத்திரை கொடுப்பதும் அதுதான். மாத்திரைக்கு அசையாத எந்தத் தொல்லையும் செல்லுக்கும் அசையாது என்று எடுத்துக்கொள்ளலாம். காலையில் முதல் மாத்திரைக்கு முன் போனில் வீடியோ எடுங்கள்: கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் பத்து முறை தட்டுவது, கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுவது, பத்தடி நடந்து திரும்புவது. மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் கழித்து அதையே மறுபடி எடுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான், தோராயமாக, எந்த செல் சிகிச்சையிலும் எதிர்பார்க்கக்கூடிய உச்சம். மாத்திரை நன்றாகப் பிடித்த நேரத்திலும் பின்பக்கமாகச் சாய்ந்து விழுவது, ஞாபக மறதி, மலச்சிக்கல், எழுந்து நின்றால் கண் இருட்டுவது, தூக்கத்தில் கத்திக் கை வீசுவது இருந்தால், அவை மூளையிலும் உடம்பிலும் வேறு இடங்களில் நடக்கும் சேதம். புட்டாமெனில் எத்தனை லட்சம் செல் வைத்தாலும் அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. வீடியோவில் வித்தியாசமே தெரியாவிட்டால், நோய் பார்க்கின்சன்தானா என்பதையே நரம்பியல் மருத்துவரிடம் மறுபடி கேட்க வேண்டும். பி.எஸ்.பி., எம்.எஸ்.ஏ. போன்ற பார்வைக்கு ஒத்த நோய்களில் டோபமினை வாங்கும் செல்களும் சேர்ந்தே சாகின்றன.

விளம்பர வீடியோக்களின் தந்திரமும் இதே இடத்தில்தான். ‘முன்’ என்பது மாத்திரைக்கு முன், ‘பின்’ என்பது மாத்திரைக்குப் பின். ‘கடைசி மாத்திரை போட்டு எத்தனை மணி நேரத்தில் எடுத்த வீடியோ இது?’ என்று கேட்டுப் பாருங்கள், பதில் வராது.

செய்திகளில் ஒரு வரியில் கடந்துவிடும் இன்னொரு விஷயம், எதிர்ப்புச்சக்தியை அடக்கும் மருந்து. பிறர் செல் என்றால் உடம்பு அதைத் தாக்கும். அதற்காகக் கியோட்டோவில் டாக்ரோலிமஸ் மாத்திரையை ஒரு வருடம் முழு அளவில் கொடுத்து, பிறகு பாதியாக்கி, 15-ஆம் மாதத்தில் நிறுத்தினார்கள். காலை மாத்திரைக்கு முன் ரத்தம் எடுத்து அளவு பார்த்து, கூட்டிக் குறைக்க வேண்டிய மருந்து இது. சிறுநீரகத்தைக் கெடுக்கும், சர்க்கரையை ஏற்றும். கைநடுக்கத்தையும் தரும் என்பது பார்க்கின்சன்காரர்களுக்கு இரட்டைத் தலைவலி. பம்ளிமாஸ் பழமும் சில ஆன்டிபயாடிக்குகளும் ரத்தத்தில் இதன் அளவை எகிற வைக்கும். நெருக்கமான வீடுகளும் காசநோயும் உள்ள நம் பகுதியில், உடம்பில் தூங்கிக்கிடக்கும் டி.பி. கிருமி இந்த மருந்தில் விழித்துக்கொள்ளும் பயம் நிஜமானது. நெஞ்சுப் படம், டி.பி. சோதனை, ஹெபடைடிஸ் பி சோதனை இல்லாமல் இதைத் தொடங்கக்கூடாது. ‘சொந்த செல், அதனால் இதெல்லாம் வேண்டாம்’ என்பார்கள். கொள்கை அளவில் உண்மைதான். ஆஸ்பென் என்ற அமெரிக்க நிறுவனம் சொந்த செல்லை வைத்தே சோதனை நடத்துகிறது. ஆனால் அங்கே தோலில் எடுத்த செல்லை ஐ.பி.எஸ். ஆக்கி, நரம்பாக வளர்த்து, தரம் பார்த்து, மூளைக்குள் வைக்கிறார்கள். காலையில் இடுப்பெலும்பில் எடுத்து மதியம் முதுகில் போடுவதோடு அதைக் கலக்கக்கூடாது.

சட்டம் தெளிவு. 2019-ன் புதிய மருந்து மற்றும் மருத்துவச் சோதனை விதிகளின்படி ஸ்டெம் செல்லிலிருந்து தயாரித்த மருந்து ‘புதிய மருந்து’. ஐ.சி.எம்.ஆர். என்ற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-ல் வெளியிட்ட தேசிய வழிகாட்டுதலின்படி, சில ரத்த நோய்களுக்கான மஜ்ஜை மாற்று போன்ற ஏற்கப்பட்ட பயன்பாடுகளைத் தவிர, ஸ்டெம் செல்லை அனுமதி பெற்ற சோதனைக்குள் மட்டுமே மனிதருக்குப் பயன்படுத்தலாம். அதனால் அந்த இடத்தில் முதலில் சி.டி.ஆர்.ஐ. என்ற இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டின் எண்ணைக் கேளுங்கள். ‘சி.டி.ஆர்.ஐ.’ என்று தொடங்கி வருடம், மாதம், வரிசை எண் என்று போகும். அதை அந்தப் பதிவேட்டின் இணையதளத்தில் நீங்களே தட்டிப் பாருங்கள். நோய் பார்க்கின்சன்தானா, மருத்துவமனை பெயர் அதில் இருக்கிறதா, நெறிமுறைக் குழுவும் மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அதிகாரியும் அனுமதித்திருக்கிறார்களா, இப்போது ஆள் சேர்க்கிறார்களா என்று எல்லாம் இருக்கும். வேறொரு நோய்க்கான எண்ணைக் காட்டி ஏமாற்றுவது உண்டு. ஐ.எஸ்.ஓ. சான்றிதழ் சுவரில் மாட்டியிருப்பது ஒரு பொருட்டே அல்ல. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சோதனை: பணம். முறையான ஆராய்ச்சியில் சோதிக்கும் சிகிச்சைக்கு நோயாளி பணம் கட்டமாட்டார். சோதனையால் பாதிப்பு வந்தால் மருத்துவமும் இழப்பீடும் சோதனை நடத்துபவர் பொறுப்பு. ஐந்து லட்சம் கேட்டார்கள் என்றால், கேள்வி அங்கேயே முடிந்தது.

முறையான சோதனைகள் பலவற்றில், முன்பு ஏதாவது செல் சிகிச்சை எடுத்தவரைச் சேர்க்கமாட்டார்கள். இன்று போடும் பயனற்ற ஊசி, நாளைக்கு உண்மையானது வரும்போது கதவை அடைத்துவிடலாம்.

மாத்திரையின் நேரம் குறைகிறது என்றீர்கள். அதற்கு ஐந்து லட்சம் தேவையில்லாத வழிகள் இன்னும் இருக்கின்றன. சின்டோபாவும் உணவின் புரதமும் குடலில் ஒரே வாசலில் போட்டி போடும். காசிமேட்டு வஞ்சிரம் மதியத் தட்டில் இருந்தால், மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும். அப்படியும் பகலில் பிடிக்கவில்லை என்றால் மீன், முட்டை, பருப்பை இரவுக்கு மாற்றிப் பாருங்கள், அளவைக் குறைக்காதீர்கள். இரும்புச்சத்து மாத்திரைக்கு இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள். மலச்சிக்கலைக் கவனியுங்கள், வயிறு மெதுவாகக் காலியானால் மாத்திரையும் தாமதமாகத்தான் ஏறும். தலைசுற்றல் என்று மெடிக்கலில் கேட்டு ஸ்டுஜெரான், வாந்திக்குப் பெரிநார்ம் வாங்கிப் போடுவது நம் பக்கம் சகஜம். இரண்டும் பார்க்கின்சனை மோசமாக்கும். பூனைக்காலி விதைச் சூரணத்தில் இருப்பதும் லெவோடோபாதான். டாக்டருக்குத் தெரியாமல் சேர்த்தால் கை கால் ஆட்டம் கூடும், கணக்கு எல்லாம் குழம்பும்.

அடுத்த முறை ஸ்டான்லிக்குப் போகும் முன் மூன்று நாள் அட்டவணை எழுதுங்கள். ஒரு நாளுக்கு அரை மணி வீதம் 48 கட்டம். ஒவ்வொன்றிலும் தூக்கம், முடக்கம், நன்றாக இருக்கிறார், தொல்லை தரும் ஆட்டம் என்று ஒன்றைக் குறித்து, மாத்திரை போட்ட நேரத்தில் ஒரு வட்டம். பெரிய சோதனைகளே பலனை இப்படித்தான் அளக்கின்றன. இந்தத் தாளையும் அந்த இரண்டு வீடியோவையும் பார்த்தால், வேளையைப் பிரிப்பதா, துணை மருந்து சேர்ப்பதா, மூளைக்குள் மின்முனை வைத்துத் தூண்டும் டி.பி.எஸ். அறுவைக்கு ஏற்றவரா என்று மருத்துவர் முடிவு செய்யலாம். டி.பி.எஸ். பல வருடமாக நிரூபிக்கப்பட்ட சிகிச்சை. அதை வைத்துக்கொண்டால் செல் சோதனைகள் பலவற்றில் சேர முடியாது என்பது உண்மை. ஆனால் வராத பஸ்ஸுக்காக வந்த பஸ்ஸை விடச் சொல்லமாட்டேன். செலவுக்கு முதலமைச்சர் காப்பீட்டில் என்ன கிடைக்கும் என்று மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் கேளுங்கள்.

ஒருவேளை முன்பணம் கட்டியிருந்தால், ரசீது, விளம்பரம், வாட்ஸ்அப் பேச்சு எதையும் அழிக்காதீர்கள். ஒரு ஊசி போட்டாயிற்று என்றால் நரம்பியல் மருத்துவரிடம் மறைக்க வேண்டாம். காய்ச்சல், கடும் தலைவலி, கழுத்து விறைப்பு, கால் மரத்துப்போவது, சிறுநீர் அடைப்பு வந்தால் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள். ‘செல் பிடிக்க வேண்டும், சின்டோபாவை நிறுத்துங்கள்’ என்று சொன்னால் கேட்காதீர்கள். திடீரென நிறுத்தினால் உடம்பு கட்டையாகி, கடும் காய்ச்சலோடு உயிருக்கே ஆபத்தாகும். பணத்தைத் திருப்பித் தரவில்லை என்றால், நீங்கள் குடியிருக்கும் பகுதிக்கு உரிய நுகர்வோர் ஆணையத்தில், உங்களுக்குச் சென்னை வடக்கு மாவட்ட ஆணையத்தில், இரண்டு வருடத்துக்குள் வழக்குப் போடலாம். கட்டிய தொகை ஐந்து லட்சம்வரை என்றால் வழக்குக் கட்டணம் கிடையாது.